ஸ்பிரிங்கில் ஒன்றரை ரிங் வெட்டினால் வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போகுமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பச்சி ஓட்டிய 2009 ஸ்விஃப்ட் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதை இரண்டு அங்குலம் இறக்க ஆசை. காரைக்குடியில் ஒரு பட்டறையில் நாலு ஸ்பிரிங்கிலும் ஒன்றரை ரிங் (சுற்று) வெட்டிவிட 1,500 ரூபாய் சொல்கிறார்கள். இறக்குவதற்கென்றே செய்த ஸ்பிரிங்கை செட்டாக வாங்கினால் அதைப்போலப் பல மடங்கு ஆகிறது. "வெட்டலாமா, கூடாதா" என்றுதான் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது: திருமயம் ரோட்டு வளைவுகளில் வண்டி சாய்கிறது, இறக்கினால் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்புமா என்று கேட்கிறீர்கள். அழகுக்காக இறக்குகிறவருக்குச் சொல்லும் பதில் வேறு. நீங்கள் கேட்பது பிடிப்பைப் பற்றி. அதற்கே பதில் சொல்கிறேன்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து, இருபத்தாறு வருஷமாக, காரைக்குடியில் சஸ்பென்ஷனும் அலைன்மென்ட்டும்தான் என் வேலை. ரிங் வெட்டிய வண்டிகள் கடைசியில் எங்களிடம்தான் வரும். சுருக்கமான பதில்: சாய்வு குறைந்ததுபோல் தெரியும்; வழவழப்பான ரோட்டில் கொஞ்சம் நிஜமாகவே குறையும். ஆனால் வளைவின் நடுவே ஒரு பள்ளமோ பாலத்து ஏற்றமோ வந்துவிட்டால் இப்போது இருக்கிற பிடிப்பும் போய்விடும். ஏன் என்று காரணத்தோடு சொல்கிறேன். பட்டறைக்காரரும் தன் அனுபவத்தில்தான் சொல்கிறார். இரண்டையும் வைத்து நீங்களே எடைபோடலாம்.

முதலில் லாபக் கணக்கு. வளைவில் திரும்பும்போது வண்டியின் எடையில் ஒரு பகுதி உள்பக்கச் சக்கரங்களை விட்டு வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பதை எடைமையத்தின் உயரமும் இடது வலது சக்கரங்களின் இடைவெளியும் தீர்மானிக்கும். சின்னக் கார் ஒன்றுக்கு எடைமையம் 55 செ.மீ. உயரம், சக்கர இடைவெளி 147 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி எடையில் பாதி அளவுக்குப் பக்கவாட்டு விசை விழும்படி வேகமாகத் திரும்பினால், மொத்த எடையில் ஏறக்குறைய 19 சதவீதம் பக்கம் மாறும். எடைமையத்தை 50 செ.மீ.க்கு இறக்கினால் அது 17 சதவீதம். ஆயிரம் கிலோ வண்டியில் வித்தியாசம் 17 கிலோ, ஒரு சிமென்ட் மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு. இதுவும் கூடுதலாகச் சொன்ன கணக்குதான். இறங்குவது பாடி மட்டும். சக்கரமும் ஆக்சிலும் இருந்த உயரத்திலேயே இருக்கும். லாபம் உண்டு, பொய்யில்லை. ஆனால் அதன் அளவு இவ்வளவுதான்.

இனி ஸ்பிரிங். அது சுருட்டி வைத்த ஒரு நீளக் கம்பி. அந்தக் கம்பி முறுகுவதால்தான் ஸ்பிரிங் அமுங்குகிறது. ரிங்கை வெட்டினால் முறுகுவதற்கு இருக்கும் கம்பி குறைகிறது, மிச்சமுள்ள ஸ்பிரிங் இறுகிவிடுகிறது. புரிவதற்காகச் சில எண்கள் எடுத்துக்கொள்வோம்: வேலை செய்யும் சுற்று ஆறு, கழற்றி வைத்தால் 330 மி.மீ. உயரம், வண்டியின் எடை ஏறியதும் 200 மி.மீ. இதில் ஒன்றரைச் சுற்றை எடுத்தால் மிச்சம் நாலரை. இறுக்கம் 33 சதவீதம் கூடும். எடை ஏறியபின் உயரம் 150 மி.மீ., அதாவது சரியாக இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும். ஆக "ஒன்றரை ரிங்குக்கு இரண்டு அங்குலம்" என்று உங்கள் பட்டறைக்காரர் சொன்னது கைப்பழக்கத்தில் வந்த சரியான கணக்கு. அவர் தொழில் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். உயரக் கணக்கு அவருக்குத் தெரியும். பிரச்சினை அமுங்கும் இடத்தின் கணக்கில் இருக்கிறது.

வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே எழும்ப ஓர் இடம் உண்டு. நாங்கள் டிராவல் என்போம். சின்னக் கார்களில் அது ஒன்றும் தாராளமாக இருக்காது. ஐம்பது அறுபது மி.மீ. எழும்பியதும், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக்கின் (ஷாக் அப்சார்பர்) உடல் மேலே உள்ள பம்ப் ஸ்டாப்பர் ரப்பரைத் தொட்டுவிடும். அதற்குப்பின் ரப்பர் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். இரண்டு அங்குலம் என்பது 50 மி.மீ. இப்போது நீங்களே கழித்துப் பாருங்கள். வெட்டிய வண்டி ஆள் ஏறாமல் நிற்கும்போதே ரப்பருக்கு விரல் இடைவெளியில் நிற்கிறது, நாலு பேர் ஏறினால் ரப்பர்மேலேயே உட்கார்ந்து ஓடுகிறது. ஸ்பிரிங்தான் 33 சதவீதம் இறுகிவிட்டதே, அது தாங்காதா என்று கேட்பீர்கள். ஒரு அடியை ஸ்பிரிங் விழுங்கும் திறன், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அமுங்கும் இடம் பாதியானால், அதே அடியைத் தாங்க ஸ்பிரிங் நாலு மடங்கு இறுக வேண்டும். வெட்டுவதால் கிடைப்பது 1.33 மடங்கு. மீதி அடி முழுவதும் ரப்பருக்கும் அதன் வழியாகப் பாடிக்கும் போகிறது.

இது சொகுசு மட்டும் சம்பந்தப்பட்டது என்று நினைக்காதீர்கள். பிடிப்பே இங்கேதான் போகிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு மேட்டில் ஏறி ரப்பரில் முட்டினால், அந்த மூலையில் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லாததுபோல் ஆகிவிடும். எடை ஒரே வீச்சில் அந்த டயர்மேல் விழும், டயர் தாங்காமல் வழுக்கும். முன்சக்கரம் முட்டினால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராக வெளியே போகப் பார்க்கும். பின்சக்கரம் முட்டினால் பின்பக்கம் வீசும். இரண்டிலும் மோசம் பின்னது, ஏனென்றால் பின்சீட்டு ஆளும் டிக்கிச் சாமானும் சேர்ந்து பின்பக்கத்தைத்தான் அதிகம் அமுக்குகின்றன. டயர் பிடிப்பது ரோட்டின் மேடுபள்ளத்தோடு சக்கரம் ஏறி இறங்க இடம் இருக்கும் வரையில்தான்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். 2002இல் பழைய மாருதி ஜென் ஒன்று வாங்கி, பின் ஸ்பிரிங்கில் ஒரு ரிங்கை நானே கிரைண்டரில் வெட்டினேன். ஒரு மாதம் ஊருக்குள்ளே ஓட்டியதில் குறை ஒன்றும் தெரியவில்லை. வண்டி இறுக்கமாக, நன்றாக இருப்பதாகவே நினைத்தேன். பிறகு ஒரு நாள் இரவு, நண்பன் கல்யாணம் முடிந்து நாலு பேராக தேவகோட்டைப் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கண்மாய்க் கரை ஓரமாக ஒரு வளைவு, வளைவுக்குள் சின்னப் பாலம். வேகம் அறுபதைத் தாண்டவில்லை. பாலத்து ஏற்றத்தில் பின்பக்கம் "டொக்" என்று முட்டியது. அடுத்த கணம் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி ஓர் அடி தள்ளி இறங்கின. வண்டி குறுக்கே திரும்பி, முன்சக்கரம் கரையின் விளிம்பில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. மறுநாள் காலையில் பின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தபோது பம்ப் ஸ்டாப்பர் ரப்பர் பிளந்து, அதன் துணுக்குகள் உளுந்து சிதறியதுபோல் ஸ்பிரிங் சீட்டில் கிடந்தன. ஒரு மாதமாக நான் இறுக்கம் என்று நினைத்து ரசித்தது அந்த ரப்பர் வாங்கிய அடியை.

உங்கள் வண்டியில் எவ்வளவு டிராவல் மிச்சம் இருக்கிறது என்பதை நான் இங்கே இருந்து சொல்ல முடியாது. நீங்கள் அளக்கலாம், செலவு ஒரு கேபிள் டை. முன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) தூசி ரப்பரை மேலே தூக்கிவிட்டு, பளபளப்பான ராடில் டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக்கின் உடலை ஒட்டி இறக்கிவையுங்கள். வழக்கமாகப் போகும் ரோட்டில், வழக்கமான ஆட்களோடு, வழக்கமான வேகத்தில் ஒரு நாள் ஓட்டுங்கள். வண்டி எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் டை மேலே தள்ளப்பட்டிருக்கும். டைக்கும் மேலே உள்ள பம்ப் ஸ்டாப்பருக்கும் நடுவே மிச்சம் எத்தனை மி.மீ. என்று ஸ்கேலால் அளந்து, அதில் 50ஐக் கழியுங்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால், ரப்பரில் முட்டாமல் அந்த ரோட்டில் உங்களால் ஓட்ட முடியாது. என் வாதத்தைவிட இந்த ஒரு அளவு உங்களுக்கு நன்றாகப் புரியவைக்கும்.

அடுத்தது கோணங்கள். சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் முன்பக்க லோயர் ஆர்மைக் கம்பெனி உயரத்தில் பார்த்தால், உள்பக்க ரப்பர் மூட்டான புஷ்ஷைவிட வெளிப்பக்க பால் ஜாயிண்ட் கொஞ்சம் தாழ்வாக இருக்கும். பாடியை இறக்கினால் ஆர்ம் மட்டமாகும், இன்னும் இறக்கினால் வெளிப்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். ஸ்ட்ரட் வைத்த வண்டிகளில் இதனால் ஒரு காரியம் நடக்கிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், எடைமையம் இறங்குவதைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் நெம்புகோல் மாதிரி. அது நீண்டால் வண்டியைச் சாய்க்கும் விசை கூடும். அதாவது இறக்கிய வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கிறது, இறுகிய ஸ்பிரிங் அதைப் பிடித்து வைக்கிறது. வெட்டியதால் கிடைத்த இறுக்கத்தில் ஒரு பகுதி, வெட்டியதால் வந்த கெடுதலைச் சமாளிக்கவே செலவாகிவிடுகிறது. "இறக்கினால் சாயாது" என்று எல்லோரும் சொல்வதில் விட்டுப்போகும் பாதி இதுதான்.

ஸ்டியரிங் பக்கமும் அப்படியே. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் லோயர் ஆர்மும் ஒன்றாக ஏறி இறங்கும்படி கோணம் வைத்துத்தான் கம்பெனியில் வடிவமைக்கிறார்கள். உயரம் மாறினால் அந்த ஒற்றுமை குலையும். அலைன்மென்ட் மெஷினில் நிறுத்தி டோவை (சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) சரிசெய்யலாம். ஆனால் அது நிற்கும் நிலைக்கு மட்டும் சரி. ஓடும்போது ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகவே இம்மி உள்ளேயோ வெளியேயோ திரும்பும். கையில் ஸ்டியரிங் மெல்ல நெளிவதுபோல் இருக்கும்; நெடுந்தூரம் ஓட்டினால் தோள் வலிக்கும். கேம்பரும் மாறும், சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும். அந்தக் கேம்பரைச் சரிசெய்யத் தனி போல்ட் போடாமல் பல வண்டிகளில் முடியாது. போன மழைக்காலத்தில் ஒரு வண்டி வந்தது. வெளியே நின்று பார்த்தால் முன்டயரில் பட்டன் முழுசாக இருக்கிறது. கையை உள்பக்கமாக விட்டுத் தடவினேன். இரண்டு விரல் அகலத்துக்கு வழுக்கை, அதற்கும் உள்ளே கம்பி வெளிவந்து விரலைக் கீறியது. ஓட்டி வந்த தம்பி அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார். டயர் ஜோடியின் விலையோடு சேர்த்துப் பார்த்தால் 1,500 ரூபாய் வேலை மலிவு வேலையாகத் தெரியாது.

வெட்டுகிற முறைக்கும் வருகிறேன். ஸ்பிரிங்கின் நுனி அது உட்காரும் சீட்டின் வளைவுக்குத் தகுந்தபடி செய்யப்பட்டிருக்கும். வெட்டிய நுனி அப்படி உட்காராது, ஒரு புள்ளியில் குத்திக்கொண்டு நிற்கும். இதைவிடப் பெரிய விஷயம், சக்கரம் தொங்கும்போது நடப்பது. மேலே சொன்ன கணக்கையே எடுங்கள்: 330 மி.மீ. ஸ்பிரிங் வெட்டியபின் 247 மி.மீ.தான். சக்கரம் முழுக்கத் தொங்கினால் இரண்டு சீட்டுக்கும் நடுவே 280 மி.மீ.க்கு மேல் இடைவெளி வரும் வண்டியில் அது காற்றில் நிற்கும். ஜாக்கி ஏற்றி, வெட்டிய ஸ்பிரிங்கைக் கையால் சுற்றினால் பம்பரம்போல் சுழலும். அதை உங்கள் பட்டறைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார். ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே தளர்ந்த ஸ்பிரிங் இடம் மாறி உட்காரவோ வெளியே விழவோ வழி உண்டு. மேட்டில் துள்ளி இறங்கும்போது அது கோணலாக உட்கார்ந்தால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கிரைண்டரில் வெட்டினால் சூடு நுனியோடு நின்றுவிடும். காஸ் டார்ச்சில் சூடுகாட்டி "உட்கார வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஸ்பிரிங் எஃகு நானூறு, ஐந்நூறு டிகிரி வட்டாரத்தில் பதம் செய்தது. டார்ச்சில் சிவக்கச் சிவக்கக் காட்டினால் எழுநூறைத் தாண்டும். அந்த இடத்தில் பதம் போய்விடும், பிறகு அது நாளுக்கு நாள் தானாகத் தாழும், இல்லையென்றால் ஒரு நாள் ஒடியும்.

பிரேக்கையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிகள் சிலவற்றில் பின் ஆக்சிலோடு இணைத்த ஒரு வால்வு இருக்கும். பாடி தாழ்ந்தால் "சுமை ஏறிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியை நிரந்தரமாகத் தாழ்த்திவிட்டால் காலியாக ஓடும்போதும் அது அப்படியே நினைத்துக்கொள்ளும். மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வீசும். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இல்லையென்றால் அடியில் குனிந்து அந்த வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டும் முன்பின் உயர வித்தியாசத்தில் வானத்தையோ தரையையோ பார்க்கும், ஆனால் அதைத் திருகிச் சரிசெய்துவிடலாம்.

நம் ஊர் ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. உங்கள் மாடலின் தரை இடைவெளி 170 மி.மீ. ஐம்பதைக் கழித்தால் 120. ஆத்தா, அப்பத்தா, இரண்டு ஆச்சிமார், டிக்கியில் பலகாரத் தூக்கு என்று ஒரு கல்யாண நாளில் ஏற்றினால் இன்னும் 35 மி.மீ.யாவது இறங்கும், மிச்சம் 85. இந்திய சாலைக் கழகத்தின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆர வளைவு. அப்படிக் கட்டிய தடையில் முன்பின் சக்கரம் நான்குமே தடைமேல்தான் இருக்கும். இரண்டு அச்சுக்கு நடுவே மேடு எழும்புவது ஏறக்குறைய 42 மி.மீ.தான், 85 போதும். ஆனால் நம் தெருக்களில் விதியைப் பார்த்தா கட்டுகிறார்கள்? ஒன்றரை அடி அகலத்தில் அரை அடி உயரத்துக்குக் கொட்டி வைத்த மேடு எத்தனை! அந்த மேட்டின் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்குத்தான். முதலில் அடி வாங்குவது இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் சேம்பர். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கத்து வீடுகள் தெருவைவிட உயர்த்திக் கட்டியவை. கார் ஏற்ற வாசலில் போட்ட சாய்தளம் குட்டையாக, செங்குத்தாக இருக்கும், அதன் உச்சி விளிம்பிலும் இதே கதைதான். உங்கள் வீட்டுச் சாய்தளத்தில் இப்போது எவ்வளவு இடைவெளியில் ஏறுகிறது என்று ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ரேஸ் கார்கள் தரையைத் தடவிக்கொண்டு போகின்றனவே என்று நினைப்பீர்கள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயைப் பாருங்கள். அந்தத் தார் மேடை மாதிரி இருக்கும், டிராவல் அதிகம் தேவையில்லை. அதற்கு ஏற்ற ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தே செய்யப்பட்டவை. நம் ரோட்டுக்கு நெருக்கமான போட்டி மண் ரோட்டு ராலி. கௌரவ் கில் 2013, 2016, 2017 என்று மூன்று முறை ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் ஆனார். அந்த ராலிகளில் மண் ரோட்டுக்கு வரும் கார்களைப் பாருங்கள். உயர்ந்து நிற்கும், சக்கரம் நன்றாக ஏறி இறங்கும், அப்படியிருந்தும் வளைவில் நாம் கனவில்கூட எட்ட முடியாத வேகம். உயரம் இருந்தால் பிடிப்பு இருக்காது என்பது உண்மையானால் அவர்கள்தான் முதலில் இறக்கியிருப்பார்கள்.

ரிங் வெட்டிப் பல வருஷம் ஓட்டியவர்கள் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். அரை ரிங் மட்டும் வெட்டியவர், எப்போதும் தனியாக ஓட்டுகிறவர், பெரும்பாலும் பைபாஸிலேயே போகிறவர் இவர்களுக்கெல்லாம் எதுவும் ஆகாமலே போகலாம். உங்களுக்கு நிச்சயம் விபத்து நடக்கும் என்று நான் சொன்னால் அது பொய். ஷாக் எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதும் வண்டிக்கு வண்டி மாறுகிறது. சீக்கிரம் போகிறது என்பது என் கைப்பட்ட அனுபவம், அளந்து வைத்த கணக்கு அல்ல. இறுக்கம் கூடுவது, டிராவல் குறைவது, ஆர்ம் கோணம் மாறுவது இவை மட்டும் எந்த வண்டியிலும் மாறாது.

இப்போது உங்கள் சாய்வுக்கு வருகிறேன், ஏனென்றால் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி சாய்கிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது உயரம் அல்ல. வண்டியின் ஒரு மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றுவிட்டால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் முடிந்தது. ஷாக்கின் உடலில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து சேறுபோல் ஒட்டியிருந்தாலும் முடிந்தது. லோயர் ஆர்ம் புஷ்ஷில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் வெடித்து இரும்பு தெரிந்தால் வளைவில் சக்கரம் தானாக நகரும், அதைத்தான் ஓட்டுகிறவர் "சாய்கிறது" என்று உணர்வார். சாய்வைத் தடுக்கும் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ் தளர்ந்தாலும் அப்படியே. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கெட்டியாகிவிட்ட பழைய டயர் பிடிக்காது. காற்று அழுத்தத்தை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் சொன்ன அதே புகாரோடு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் உயரத்தைத் தொட்டதே இல்லை. ஒரு ஜோடி ஷாக், புஷ், அலைன்மென்ட். எடுத்துப்போனவர்கள் "வேற வண்டி மாதிரி இருக்கு அண்ணே" என்று போன் செய்திருக்கிறார்கள்.

இதெல்லாம் செய்து முடித்த பிறகும் இறக்கியே ஆக வேண்டும் என்று தோன்றினால், பணம் சேரும் வரை பொறுத்திருந்து 25 முதல் 30 மி.மீ. வரை இறக்கும் செட்டை வாங்குங்கள். உயரம் குறைந்தாலும் சக்கரம் தொங்கும்போது கழலாத நீளம், நுனிக்கான வடிவம், குறைந்த டிராவலுக்கு ஏற்ற இறுக்கம் எல்லாம் சேர்த்துச் செய்தவை அவை. நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய ஷாக்கோடு போடாதீர்கள். இறுகிய ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது, வண்டி துள்ளிக்கொண்டே போகும். நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு அலைன்மென்ட் பாருங்கள். பழைய ஸ்பிரிங் நாலையும் தூக்கி எறியாமல் வீட்டில் வையுங்கள். சட்டத்தில், 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் தரை இடைவெளி என்று ஒரு கட்டம் கிடையாது. என்றாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். சமதரையில், ஆள் ஏறாமல், நாலு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபென்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்குள் இருந்தால் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஷாக்கிலும் புஷ்ஷிலும் தேடலாம். அதைத் தாண்டினால் ஒரு ஸ்பிரிங் ஏற்கெனவே தாழ்ந்திருக்கலாம், இல்லை அடி ரிங் ஒடிந்து சீட்டுக்குள் மறைந்து கிடக்கலாம். இந்த வயசு வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது அது. நாலு எண்ணையும், டயர் எண்ணையும், கேபிள் டை சொன்ன அளவையும் இங்கே போடுங்கள். எந்த மூலையில் கை வைக்கத் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.